சீர் சாமானில் கொடுத்த பிரிட்ஜ் குளிரவில்லை, வாரண்டி முடிந்தது என்கிறார்கள். என்ன செய்யலாம்?

கோட்டையூர் ஆச்சி:
எல்லோருக்கும் வணக்கம். மகள் கல்யாணத்துக்காகப் போன வருட ஆடித் தள்ளுபடியில் காரைக்குடியில் ஒரு கடையில் டபுள் டோர் பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் மூன்றையும் சேர்த்து எடுத்தோம். தையில் கல்யாணம். சீர் சாமான்களைப் பார்வைக்குப் பரப்பும்போது எல்லாம் பெட்டியோடுதான் இருந்தது. மாப்பிள்ளை வீடு தேவகோட்டை. அங்கே பிள்ளைகளை வேறு வைத்த (தனிக்குடித்தனம் வைத்த) பிறகுதான் பிரிட்ஜைப் பிரித்து ஓடவிட்டார்கள்.

பங்குனியிலேயே கோளாறு. மேலே ஐஸ் கட்டவில்லை, கீழே வைத்த பால் திரிந்து போகிறது, மோட்டார் மட்டும் நிற்காமல் ஓடுகிறது. கம்பெனி ஆள் வந்து கேஸ் ஏற்றிவிட்டுப் போனார். கொஞ்ச நாள் ஓடியது. வைகாசியில் மறுபடி அதே கதை, மறுபடி கேஸ். இப்போது ஆவணியில் போன் செய்தால், “பில் தேதிக்கு ஒரு வருஷம் முடிஞ்சிருச்சு, கம்ப்ரஸருக்குத்தான் பத்து வருஷம், கேஸுக்கும் லேபருக்கும் பணம் கட்டுங்க” என்கிறார்கள். கடையில் கேட்டால் “எங்க கையில ஒண்ணும் இல்ல ஆச்சி, கம்பெனியக் கேளுங்க” என்று முடித்துவிட்டார்கள்.

பில் எங்கள் வீட்டு ஐயா பேரில் இருக்கிறது, பிரிட்ஜ் இருப்பது சம்பந்தி வீட்டில். யார் கேட்பது, எங்கே கேட்பது என்றே புரியவில்லை. சீர் கொடுத்த சாமான் இப்படி ஆனதில் மனசுக்கு ரொம்பச் சங்கடமாக இருக்கிறது.

பள்ளத்தூரான்:
ஆச்சி, பில்லின் அடியில் “விற்ற சாமான் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்று அச்சடித்திருப்பார்கள், பாருங்கள். அதைக் காட்டித்தான் எல்லோரையும் திருப்பி அனுப்புகிறார்கள். கோர்ட்டு கேஸ் என்று அலைந்தால் பிரிட்ஜ் விலைக்கு மேல் செலவாகும். கேஸுக்குப் பணம் கட்டி ஓட்டுவதுதான் நல்லது.

நுகர்வோர் தோழர்:
பள்ளத்தூர் அண்ணே, இந்த இடத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. அந்த அச்சடித்த வரிக்குக் குறையுள்ள பொருள் விஷயத்தில் எந்த மதிப்பும் இல்லை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில்லில் சொன்ன காலத்துக்குள் பணத்தைத் தராமல் இருப்பதும் முறையற்ற வணிக நடவடிக்கை என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(47) பிரிவில் சொல்கிறது. பில்லில் காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள்.

ஆச்சி, பில் யார் பேரில் இருக்கிறது என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். வாங்கியவரின் சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். ஐயாவும் புகார் கொடுக்கலாம், மகளும் கொடுக்கலாம். சீர் கொடுக்கிற நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது முக்கியமான விஷயம், நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

ஒன்று கேட்கிறேன். பங்குனியிலும் வைகாசியிலும் ஆள் வந்ததற்கு என்ன ஆதாரம் இருக்கிறது? செய்த வேலையை எழுதிய ஜாப் ஷீட் கொடுத்தார்களா? கம்ப்ளைண்ட் நம்பரோடு வந்த எஸ்எம்எஸ் போனில் இருக்கிறதா?

கோட்டையூர் ஆச்சி:
மகளிடம் கேட்டேன். எஸ்எம்எஸ் எல்லாம் இருக்கிறதாம். முதல் தடவை வந்தவர் மஞ்சள் தாள் ஒன்று கொடுத்தார், அதில் “கேஸ் சார்ஜ் செய்யப்பட்டது” என்று எழுதியிருக்கிறது. இரண்டாம் தடவை தாள் தரவில்லை, போனில் வந்த ஓடிபியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அப்போது உள்தட்டைக் கழற்றினாராம். குளிரூட்டும் குழாய்ச் சுருளான காயிலில் ஒரு மூலையில் மட்டும் வெள்ளையாகப் பனி, மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடந்தது. மாப்பிள்ளை அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்.

புதுவயல் பட்டறை:
அந்தப் போட்டோவ பத்திரமா வைங்க ஆச்சி. நான் பிரிட்ஜ், ஏசி வேலதான் பாக்குறேன். கேஸ் சரியா இருந்தா காயில் முழுக்கப் பரவலா பனி பிடிக்கும். ஒரு மூலையில மட்டும் பிடிச்சா கேஸ் கொறஞ்சிருக்குன்னு அர்த்தம். மோட்டார் நிக்காம ஓடுறதும் அதனாலதான், குளிர் வந்து சேராததால கட்டாஃப் ஆகாது.

பிரிட்ஜுல கேஸ் பெட்ரோல் மாதிரி தீந்து போற சமாச்சாரம் இல்ல. மூடுன குழாய்க்குள்ள சுத்திக்கிட்டே இருக்கணும். புதுப் பிரிட்ஜுல ரெண்டு தடவ கேஸ் ஏத்த வேண்டி வந்துச்சுன்னா எங்கயோ லீக் இருக்கு. லீக்கக் கண்டுபிடிக்காம கேஸ் ஏத்துறது வேலையே இல்ல. ஜாயிண்டுல எண்ணெக் கசிவு தெரியுதான்னு பாக்கணும், நைட்ரஜன் பிரஷர் போட்டுச் சோப்புத் தண்ணி வச்சுப் பாக்கணும். சில மாடல்ல குழாய் பக்கச் சுவருக்குள்ள பதிஞ்சு போகும். அங்க லீக்னா வீட்டுல வச்சுச் சரிபண்ண வழியே கிடையாது. அதத்தான் தயாரிப்புக் குறைன்னு சொல்லணும்.

இன்னொண்ணு. பின்னாடி ஸ்டிக்கர்ல என்ன கேஸ், எத்தன கிராம்னு போட்டிருக்கும். இப்ப வர்ற நெறைய பிரிட்ஜுல ஆர்600ஏ. அது தீப்பிடிக்கிற கேஸ். லீக் இருக்குன்னு சந்தேகம் வந்தா ஜன்னலத் தெறந்து வைங்க, கண்ட ஆளையும் கூட்டி வந்து பக்கத்துல பத்தவைப்பு வேல பாக்க விடாதீங்க.

நுகர்வோர் தோழர்:
பட்டறை அண்ணன் சொன்னதுதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. இப்போது சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிக்காரர்கள் “வாரண்டி முடிந்தது” என்பதோடு பேச்சை முடிக்கிறார்கள். ஆனால் குறை முதலில் சொல்லப்பட்டது பங்குனியில், வாரண்டி உயிரோடு இருக்கும்போது. வைகாசியிலும் அதே குறை. ஆவணியில் வந்தது புதுக்கோளாறு இல்லை, தீர்க்கப்படாத பழைய கோளாறு. வாரண்டிக்குள் சொன்ன குறையை ஆறப்போட்டுவிட்டுத் தேதியைக் காட்டித் தப்பிக்க முடியாது. அதனால்தான் அந்த எஸ்எம்எஸ்களைக் கேட்டேன். முதல் வேலையாக அவற்றை அச்செடுத்து வையுங்கள், போன் மாறினால் போய்விடும்.

வாரண்டி அட்டை கம்பெனி எழுதிய ஒப்பந்தம். சட்டம் தரும் உரிமை அதற்கு வெளியே தனியாக நிற்கிறது. பொருளில் குறை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் அதைச் சரிசெய்யச் சொல்லலாம், குறையில்லாத புதுப்பொருள் மாற்றித் தரச் சொல்லலாம், கொடுத்த விலையை வட்டியோடு திருப்பச் சொல்லலாம், மன உளைச்சலுக்கும் செலவுக்கும் இழப்பீடு கேட்டால் அதையும் சேர்த்துத் தரலாம். எல்லாம் 39ஆம் பிரிவில் இருக்கிறது.

முதலில் ஒரு கடிதம். கடைக்கும் கம்பெனிக்கும் தனித்தனியாக, ஸ்பீடு போஸ்ட்டில். டெலிவரி ஆன விவரத்தையும் அச்செடுத்துக் கொள்ளுங்கள். கோபம் எதையும் அதில் எழுத வேண்டாம். இந்த அளவு போதும்: “இன்ன தேதி, இன்ன பில் எண்ணில் வாங்கிய இன்ன மாடல் பிரிட்ஜில் பங்குனியிலிருந்து கேஸ் கசிவு உள்ளது. கம்ப்ளைண்ட் எண்கள் இவை. இரண்டு முறை கேஸ் ஏற்றியும் கசிவு கண்டறியப்படவில்லை. இது தயாரிப்புக் குறை. 15 நாளுக்குள் புதுப்பிரிட்ஜ் மாற்றித் தரவும், அல்லது முழுத்தொகையையும் திருப்பித் தரவும்.” தேதிகளை ஆங்கில மாதத்தில் போடுங்கள், பில்லோடு ஒத்துப்போக வேண்டும்.

அதே நாளில் 1915க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்பு எதுவும் சொல்ல மாட்டார்கள், கம்பெனிக்குப் புகாரை அனுப்பிப் பதில் வாங்குவார்கள். பல கம்பெனிகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன.

அதிலும் நடக்கவில்லை என்றால் சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பள்ளத்தூர் அண்ணன் செலவைப் பற்றிப் பயந்தார். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்களே பேசலாம். இணையத்திலும் தாக்கல் செய்யலாம், இப்போது இ-ஜாக்ரிதி என்ற தளம் இருக்கிறது. விசாரணைக்கு வீடியோ மூலம் வருகிறேன் என்றும் கேட்கலாம்.

காலத்தைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 3 மாதம், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டி வந்தால் 5 மாதம் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட இழுக்கிறது. ஆனாலும் கடிதத்துக்கும் ஆணையத்தின் நோட்டீஸுக்கும் கம்பெனி கொடுக்கிற மரியாதையே வேறு. வழக்குப் போட 2 வருடம் வரை அவகாசம் உண்டு. முதல் கோளாறு வந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் பாதுகாப்பு.

சிக்ரி ரோடு:
சோதனை என்றால் நம்ம ஊர் சிக்ரி ஆராய்ச்சி நிலையத்திலேயே கொடுத்து ஒரு ரிப்போர்ட் வாங்கிவிட்டால் என்ன?

நுகர்வோர் தோழர்:
நாமாக எங்கேயும் கொடுக்க வேண்டாம் தம்பி. சோதனை தேவை என்று ஆணையம் நினைத்தால், அரசு ஏற்ற ஆய்வகம் எது என்று அதுவே முடிவுசெய்து முத்திரை வைத்து அனுப்பும். நாம் பிரித்துப் பார்த்தால் “வெளியாள் கைவைத்துவிட்டான்” என்று கம்பெனி அதையே பிடித்துக்கொள்ளும். ஆச்சியிடம் இருக்கும் மஞ்சள் தாளும் போட்டோவும் ஆரம்பத்துக்கு நல்ல ஆதாரம்.

கல்லுக்கட்டிப் பக்கம் கடை:
நான் இந்த வியாபாரத்துலதான் இருக்கேன். எங்க பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்க. கம்பெனி அனுப்புற பெட்டிய அப்படியே ஏத்தி அனுப்புறோம். குறை வந்தா கம்பெனிக்கு மெயில் போடுறோம். அவங்க ஒப்புதல் தராம நாங்க ஒரு பிரிட்ஜ மாத்திக் கொடுத்தா அந்தப் பணம் எங்களுக்குத் திரும்பி வராது. சின்னக் கடை தாங்காது. அதுபோக கிராமத்துப் பக்கம் வோல்டேஜ் ஏறி இறங்குது, ஸ்டெபிலைசர் போடாம ஓட்டிட்டு போர்டு போனதும் கடைக்கு வர்றாங்க. எல்லாத்துக்கும் கடைக்காரன்தானா பொறுப்பு?

நுகர்வோர் தோழர்:
அண்ணே, உங்கள் சிரமம் உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆச்சி பணம் கொடுத்தது உங்களைப் போன்ற ஒரு கடையில். கம்பெனிக்காரர் முகம் அவருக்குத் தெரியாது. புகாரில் கடை, கம்பெனி இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கச் சொல்வதன் காரணமே அதுதான். யார் எவ்வளவு பொறுப்பு என்று ஆணையம் பார்த்துச் சொல்லும். “கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன், இதோ நகல்” என்று வாடிக்கையாளர் கையில் ஒரு தாள் கொடுத்தாலே பாதிப் பகை தீரும். அந்தத் தாள் நாளைக்கு உங்களையும் காப்பாற்றும். “என் கையில் ஒன்றும் இல்லை” என்று அனுப்பிவிடுவதைத்தான் ஏற்க முடியாது.

வோல்டேஜ் விஷயம் தனி. உண்மையிலேயே அதனால் போனால் கம்பெனி மறுக்கலாம். ஆனால் வாயால் சொன்னால் போதாது. ஆள் வந்தபோது மீட்டரில் எத்தனை வோல்ட் காட்டியது, எந்த நேரம், எந்தப் பாகம் எரிந்திருக்கிறது, எல்லாம் ஜாப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுத மறுத்தால், மறுத்தார் என்று அன்றைக்கே கம்பெனிக்கு மெயில் அனுப்பிவிடுங்கள்.

புதுவயல் பட்டறை:
வோல்டேஜால போர்டு போகும், கம்ப்ரஸர் காயில் போகும். குழாய்ல லீக் விழாது. ஆச்சி பிரிட்ஜுக்கு அந்தப் பேச்சே பொருந்தாது.

கண்டனூர் பலகாரம்:
இந்த இழையைப் படித்ததும் எனக்கும் ஒரு கேள்வி. நாங்கள் வீட்டில் வைத்துத் தேன்குழல், மணகோலம், அதிரசம் செய்து கொடுக்கிறோம். மாமியாரும் நானும்தான் வேலை, தீபாவளி நேரத்தில் மட்டும் கூட இரண்டு பேர். அதற்காக வாங்கிய பெரிய கிரைண்டர் வந்த மாதமே கல் சரியாக உட்காராமல் மாவில் கறுப்புத் தூள் விழுகிறது. கடையில் கேட்டால் “நீங்க வியாபாரத்துக்கு ஓட்டுறீங்க, வாரண்டியும் கிடையாது, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கும் போக முடியாது” என்கிறார்கள். உண்மையா?

நுகர்வோர் தோழர்:
அம்மா, வணிக நோக்கத்துக்காக வாங்குகிறவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்பது சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அடுத்த வரியிலேயே விளக்கமும் இருக்கிறது: சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. நீங்களும் மாமியாரும் கைப்பட மாவாட்டிச் சுட்டு விற்கிறீர்கள் என்றால் அந்த விளக்கத்துக்குள் வருகிறீர்கள். கானாடுகாத்தானில் அரண்மனை வீட்டை ஹோட்டலாக நடத்துகிறவர் சமையல்கட்டுக்கு வாங்கினால் கதை வேறு. புகாரில் “எங்கள் பிழைப்புக்காக நாங்களே இயக்குகிறோம்” என்ற வாசகத்தை மறக்காமல் சேருங்கள்.

வாரண்டி அட்டையை மட்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வீட்டு உபயோக மாடல் என்று போட்டு, வணிகத்துக்கு ஓட்டினால் செல்லாது என்றும் எழுதியிருந்தால் வாரண்டி வழியில் கொஞ்சம் சிக்கல். அப்போதும் வந்த மாதமே கல் சரியில்லை என்பது தயாரிப்புக் குறைதான், அதை வைத்துக் கேட்கலாம். அந்த மாவைத் தட்டில் பரப்பி நல்ல வெளிச்சத்தில் போட்டோவும் வீடியோவும் எடுங்கள், கிரைண்டரின் சீரியல் நம்பர் தகடும் தெரிய வேண்டும். அதுவரை அந்த மாவைச் சாப்பிடவோ விற்கவோ வேண்டாம்.

வளவு வீடு, சிங்கப்பூர்:
எங்களுக்கு ஊரில் பழைய வீடு. வருடத்தில் சில நாள்தான் வருவோம். படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) எல்லோரும் கூடுகிறோம் என்று ஆன்லைனில் ஒன்றரை டன் ஏசி வாங்கிக் கீழ்வாசல் பக்கத்து ஹாலில் மாட்டினோம். காற்று வருகிறது, ஹால் குளிரவே இல்லை. இதையும் குறையுள்ள பொருள் என்று திருப்ப முடியுமா?

புதுவயல் பட்டறை:
ஒங்க ஹால் ஒசரம் என்ன? நம்ம பக்கத்துப் பழைய வீடுல கூரை பதினஞ்சு அடிக்கும் மேல போகும், ஒரு பக்கம் வாசலப் பாத்துத் தெறந்து கெடக்கும். ஒரு டன்னுன்னா மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்த அளக்குற அலகு) வெப்பத்த இழுக்கும். பொதுவா பத்தடி ஒசரத்து மூடுன ரூமக் கணக்கு வச்சுத்தான் எத்தன டன்னுன்னு சொல்லுவாங்க. உங்க ஹாலுக்கு ஒன்றரை டன் பத்தாது, மெஷின் மேல தப்பு இருக்காது. காத்து வர்ற வாய்ல தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்க. உள்ள போற காத்துக்கும் வெளிய வர்ற காத்துக்கும் நல்ல வித்தியாசம் இருந்தா மெஷின் நல்லாத்தான் ஓடுது.

நுகர்வோர் தோழர்:
இங்கேதான் ஒரு கோடு கிழிக்க வேண்டியிருக்கிறது. நாம் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதற்காக மட்டும் சட்டம் பணத்தைத் திருப்பித் தராது. பொருள், சொன்ன தரத்தில் இல்லை என்றால் தரும். விற்கும்போது சொன்னது பொய் என்றாலும் தரும். நீங்கள் வாங்கிய தளத்தின் விளம்பரப் பக்கத்தில் “இத்தனை சதுர அடிக்குப் போதும்” என்று போட்டிருந்து, உங்கள் ஹால் அந்த அளவுக்குள் இருந்தால் கேட்க இடம் இருக்கிறது. விளம்பரப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். கடையில் வாங்குகிறவர்கள், விற்பனையாளர் வாயால் சொல்வதை வாட்ஸப்பில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆன்லைன் என்பதால் இன்னொன்றும் உண்டு. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அந்தத் தளத்தில் குறைதீர் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறையுள்ளதாகவோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ வந்த பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது.

வெளிநாட்டில் இருந்து ஊர் வீட்டுக்கு வாங்குகிறவர்களும், கல்யாணத்துக்கு முன்கூட்டியே வாங்குகிறவர்களும் தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். பில் தேதியில் வாரண்டி ஓட ஆரம்பித்துவிடுகிறது, பெட்டி இரண்டாங்கட்டில் சும்மா கிடந்தாலும் ஓடுகிறது. பணம் கட்டும் முன்பே “இன்ஸ்டாலேஷன் நாளிலிருந்து வாரண்டி” என்று பில்லில் எழுதி முத்திரை வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். அல்லது பணம் கட்டிப் பதிவு செய்து, டெலிவரியையும் பில்லையும் முகூர்த்தத்துக்கு ஒட்டி வாங்குங்கள். இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாத கடை என்றால், சாமான் பரப்புவதற்கு முன் ஒருமுறை பிரித்து ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள். பிரிக்காத பெட்டிதான் சீருக்கு அழகு என்று பெரியவர்கள் நினைப்பார்கள். பிள்ளைகள் போய் அவதிப்படுவதை நினைத்து இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பள்ளத்தூரான்:
செலவு இல்லை என்பது எனக்குப் புதுச் செய்தி, நன்றி. தவணையில் வாங்கியவர்கள், குறை தீரும்வரை தவணையை நிறுத்தலாமா?

நுகர்வோர் தோழர்:
நிறுத்தாதீர்கள் அண்ணே. கடன் கொடுத்தது வேறு நிறுவனம், அவர்களுக்குப் பிரிட்ஜ் ஓடுகிறதா என்பது கணக்கில்லை. அபராதம் ஏறும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் கெடும். கட்டிக்கொண்டே புகாரை நடத்துங்கள், கட்டிய வட்டியையும் இழப்பீட்டில் கேளுங்கள்.

கோட்டையூர் ஆச்சி:
எல்லோருக்கும் நன்றி. கடிதம் இரண்டும் போய்ச் சேர்ந்தது, 1915இலும் பதிவு செய்தோம். இப்போது கம்பெனியிலிருந்து மகளுக்குப் போன் வந்திருக்கிறது. மாற்றித் தருகிறோம், ஆனால் ஒரு வருடம் ஆகிவிட்டதால் தேய்மானம் என்று பாதிக்கு மேல் கழித்து, புது மாடலுக்கு மீதியை நாங்கள் கட்ட வேண்டுமாம். உடனே சரி என்று சொன்னால்தான் உண்டு என்று அவசரப்படுத்துகிறார்கள். மாப்பிள்ளை கட்டிவிடலாம் என்கிறார்.

நுகர்வோர் தோழர்:
போனில் சரி என்று சொல்ல வேண்டாம் ஆச்சி. “எழுத்தில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்” என்று மட்டும் சொல்லுங்கள். மாற்றித் தர முன்வந்துவிட்டார்கள் என்பதே உங்களுக்குச் சாதகம், அந்த மெயில் வந்தால் அதுவும் ஆதாரம். நல்லபடி ஓடி நாளாக ஆகத் தேய்ந்த பொருளுக்குத் தேய்மானம் கேட்டால் ஒரு நியாயம் இருக்கும். ஓடத் தொடங்கியதிலிருந்தே குளிராத பிரிட்ஜுக்கு எதன் தேய்மானம்? அதே வகைக் குறையில்லாத புதுப்பொருளைத் தரச் சொல்லத்தான் 39ஆம் பிரிவு ஆணையத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. பதிலில் இதைக் குறிப்பிட்டு, கழிவு இல்லாமல் மாற்றித் தரக் கேளுங்கள், இன்னும் ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். புதுப்பிரிட்ஜுக்கு வாரண்டி புதிதாகத் தொடங்குமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். அதை விட்டுவிட்டால் அடுத்த கோளாறுக்கு மறுபடி பழைய பில் தேதியைக் காட்டுவார்கள்.

மாற்ற ஆள் வந்தால், புதியதை ஓடவிட்டு ஐஸ் கட்டுவதைப் பார்த்த பிறகு ஓடிபி கொடுக்கச் சொல்லுங்கள். ஓடிபி கொடுத்ததும் அவர்கள் கணக்கில் புகார் தீர்ந்துவிட்டதாக மூடிவிடும். பழையதை எடுத்துப் போகும்போது சீரியல் நம்பர் போட்ட ரசீது வாங்க வேண்டும்.

கல்லுக்கட்டிப் பக்கம் கடை:
ஆச்சி, வாங்குன கடையிலயும் ஒரு மெயில் போடச் சொல்லுங்க. ஏரியா மேனேஜர்னு ஒருத்தர் இருப்பார், டீலர் அழுத்திக் கேட்டா தேய்மானத்த விட்டுக் கொடுக்க அவங்களுக்கு அதிகாரம் உண்டு. நேர்ல போய் லெட்டர் நகலக் காட்டிக் கேளுங்க. இந்த இழையப் பாத்த பிறகு எங்க கடையில கல்யாண ஆர்டருக்கு டெலிவரி அன்னிக்கு பில் போட்டுத் தர்றதா முடிவு பண்ணியிருக்கேன்.

கோட்டையூர் ஆச்சி:
ரொம்ப சந்தோஷம் தம்பி. ஐயாவை நாளைக்கே கடைக்கு அனுப்புகிறேன். மெயிலும் போடச் சொல்லிவிட்டேன்.

பொன்னமராவதி:
நாங்களும் காரைக்குடி கடையில்தான் வாஷிங் மெஷின் எடுத்தோம், டிரம் ஆடிச் சத்தம் போடுகிறது. பில்லில் “வழக்குகள் சென்னை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை” என்று இருக்கிறது. நாங்கள் சென்னைக்குப் போக வேண்டுமா, சிவகங்கைக்கா?

நுகர்வோர் தோழர்:
இரண்டும் வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று 34ஆம் பிரிவு சொல்கிறது, பில்லில் என்ன அச்சடித்திருந்தாலும் அது மாறாது. பொன்னமராவதி என்றால் புதுக்கோட்டை மாவட்ட ஆணையம். கடை காரைக்குடியில் இருப்பதால் சிவகங்கை வசதி என்றால் அங்கேயும் போடலாம். அதற்கு முன், மெஷினைக் கொண்டுவரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் போட்டு அனுப்பும் டிரான்சிட் போல்ட்டுகளைக் கழற்றினார்களா என்று பின்பக்கம் பாருங்கள். முன்பக்கம் கதவு வைத்த மெஷினில் அதைக் கழற்றாமல் ஓட்டினால் இப்படித்தான் ஆடும். கழற்றியிருந்தும் ஆடினால், கம்ப்ளைண்ட் நம்பரோடு இங்கே எழுதுங்கள்.